கச்சான் காற்றுக்கு ஈடுகொடுக்கும் கேன் அடுப்பு: முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்து மூக்கையூர்க் கரையில் ஓர் ஆனி மாதச் சாயங்காலம், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். கூல்டிரிங்ஸ் கேனை வெட்டி நானே செய்த அடுப்பில் கருப்பட்டிக் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். வீட்டு மாடியில் அழகாகக் கொதித்த அதே அரை லிட்டர் தண்ணீர்தான். இங்கே இரண்டு முறை ஸ்பிரிட் ஊற்றி எரித்தும் கை பொறுக்கிற சூட்டைத் தாண்டவில்லை. தீச்சுடர் பாத்திரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டே எரிந்தது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காத்து எங்கேருந்து வருதுன்னு பாக்காம அடுப்பு வச்சா எப்படித் தம்பி கொதிக்கும்?" என்று கேட்டார். கரையேற்றிக் கிடந்த வள்ளத்தின் மறைவைக் கையால் காட்டினார். அடுப்பை அங்கே நகர்த்தி 20 மில்லி ஊற்றினேன். தீர்வதற்குள் கொதித்துவிட்டது.

அதனால் இந்த வழிகாட்டியில் அடுப்புக்குக் கொடுத்த அதே கவனத்தைக் காற்றை மறைப்பதற்கும் கொடுத்திருக்கிறேன். நம் கரையில் நடப்பவர்களுக்கு அடுப்பு பாதி வேலை, மறைப்பு மீதி வேலை.

எதற்கு இந்த அடுப்பு?

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை என்று கடலோரமாக நடப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ் கனம். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன எரிவாயுக் குப்பி நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. சீமைக்கருவேலச் சுள்ளி எங்கும் கிடைக்கும்தான். ஆனால் கோடையில் பனங்காட்டை ஒட்டி விறகுத்தீ மூட்டுவது பயங்கரமான காரியம், ஒரு பொறி போதும். கேன் அடுப்பு சுமார் 15 கிராம். காற்றை மறைத்துப் பாத்திரத்தைத் தாங்கும் டின்னையும் சேர்த்தால்கூட மொத்தம் 100 கிராம் அளவில் முடிந்துவிடும். அசையும் பாகம் ஒன்றுமில்லை, எனவே பழுதாக எதுவுமில்லை. ஸ்வீடனின் ட்ராங்கியா நிறுவனம் 1951 முதல் இதே தத்துவத்தில் பித்தளை அடுப்பு செய்து வருகிறது.

இதனால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். தணல் குறைத்து எரிக்க முடியாது. சோறு வடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் கொதிக்க வைத்து டீ, காபி, நூடுல்ஸ், சத்துமாவுக் கஞ்சி செய்யலாம், அவல் ஊற வைக்கலாம். ஓரிருவருக்கு அது போதும்.

எப்படி வேலை செய்கிறது

இரண்டு கேன்களின் அடிப்பாகங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் ஒரு வளையச் சுவர் வைக்கிறோம். நடுக்கிண்ணத்தில் ஊற்றும் ஸ்பிரிட், சுவரின் அடியிலுள்ள சின்ன வழிகளால் பக்க அறைக்குள் போகும். முதலில் நடுவில் மட்டும் தீ எரியும். அந்தச் சூட்டில் பக்க அறையிலுள்ள ஸ்பிரிட் கொதித்து ஆவியாகி, மேல் விளிம்பிலுள்ள ஊசித்துளைகள் வழியாகச் சீறி வரும். அதில் தீ பற்றும். ஸ்பிரிட்டிலுள்ள எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிப்பதால் இதற்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்.

"கேன் உருகிவிடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். உள்ளே திரவம் இருக்கும்வரை தகடு ஏறக்குறைய அந்தத் திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தீயில் காட்டினால் காகிதம் எரியாமல் தண்ணீர் சுடுகிறதே, அதே சங்கதி.

தேவையானவை

ஒரே அளவுள்ள, சாதாரணப் பருமன் கொண்ட இரண்டு காலி அலுமினியக் கேன்கள், திறக்காத ஒரு முழுக் கேன், கட்டர் பிளேடு, கத்தரிக்கோல், குண்டூசி, உப்புத்தாள், மார்க்கர், ஸ்கேல், தடித்த புத்தகம். ஏசி குழாய்களுக்கு ஒட்டும் அலுமினிய ஃபாயில் டேப் கொஞ்சம். ஒல்லியான எனர்ஜி டிரிங்க் கேனை இதோடு கலக்காதீர்கள், விட்டம் பொருந்தாது. மறைப்புக்கு 10 சென்டிமீட்டர் அளவு விட்டமுள்ள ஒரு பழைய இரும்பு டின், பால்பவுடர் டின் போல. பழைய இரும்புக் கடையில் தேடினால் கிடைக்கும். பிளாஸ்டிக் உறையையும் பெயின்டையும் வெளியில் வைத்துச் சுட்டு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் காபி முழுக்கப் புகை வாசம்.

வெட்டுதல்

துளை போடுவதையும் நடுத்தட்டை எடுப்பதையும் கேன் முழுதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். வெட்டிய பிறகு தகடு காகிதம்போல் நெளியும், ஊசி இறங்குவதற்கு முன் விளிம்பு மடங்கிவிடும். இதை அறியாமல் நான் வீணாக்கிய கேன்கள் பல.

மேல்பாகமாகப் போகும் கேனைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் ஒரு வளைய விளிம்பு இருக்கும். அதற்கு வெளியே சரிந்து இறங்கும் தோள்பட்டைதான் துளைக்கு இடம். 16 துளைகள். சம இடைவெளிக்கு அளவுகோல் வேண்டாம். ஒரு காகிதப் பட்டையைக் கேனைச் சுற்றி வைத்துச் சரியாக ஒரு சுற்று வரும்படி வெட்டி, அதைப் பாதியாக நான்கு முறை மடியுங்கள். பிரித்தால் 16 சம பாகங்கள். மீண்டும் கேனில் சுற்றி, மடிப்புக்கு மடிப்பு மார்க்கரால் புள்ளி வையுங்கள். குண்டூசியைக் குறட்டில் பிடித்து, திருகித் திருகி இறக்குங்கள். ஊசி முனை தகட்டைத் துளைக்கும்போது சின்னதாக ஒரு "டிக்" கேட்கும், அதோடு நிறுத்திவிடுங்கள். மேலும் அழுத்தினால் துளை பெரிதாகி, அந்த ஒன்று மட்டும் நாக்கு நீட்டி எரியும். இணையத்தில் 24 துளை என்றும் பார்ப்பீர்கள். டின்னுக்குள் வைத்து எரிக்கும்போது சூடு கூடுதலாகத் திரும்பி அடிப்பதால் 16 போதும். மிஞ்சினால் ஸ்பிரிட் பொங்கிச் சீறும்.

அடுத்து, வளைய விளிம்புக்கு உள்ளே குழிந்திருக்கும் தட்டை எடுக்க வேண்டும். பிளேடு முனையை விளிம்பின் உள்ளோரத்தில் சாய்த்து வைத்து, லேசாக, ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றிக் கீறுங்கள். இருபது முப்பது சுற்றுக்குப் பிறகு ஓரிடத்தில் பிளேடு இறங்கும். அங்கே கட்டை விரலால் அமுக்கினால் தட்டு தனியே பெயர்ந்து வரும். அவசரப்பட்டு ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால் பிளேடு நழுவிக் கைக்குத்தான் வரும். துணிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.

இனி உயரத்துக்கு வெட்டலாம். பிளேடைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையில் நுழைத்து, முனை மட்டும் 30 மில்லிமீட்டர் உயரத்தில் வெளியே நீட்டும்படி வைத்து, மேலே பாரம் ஏற்றுங்கள். இரண்டாவது கேனை மேஜையில் நிறுத்தி, பிளேடு முனையில் மெல்லத் தொடும்படி உருட்டி உருட்டிச் சுற்றுங்கள். கேன்தான் சுற்ற வேண்டும், பிளேடு அசையக் கூடாது. பத்துப் பதினைந்து சுற்றில் வெள்ளிக் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே நகத்தால் அமுக்கிவிட்டால் கேன் கோட்டோடு கிழிந்து வரும், விளிம்பு கத்தரித்தது போலவே இருக்கும். இது அடிப்பாகம். இதேபோல் துளையிட்ட கேனை 25 மில்லிமீட்டரில் வெட்டினால் மேல்பாகம் தயார்.

மிச்சமுள்ள உடல் தகட்டிலிருந்து 40 மில்லிமீட்டர் அகலம், 17 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். ஒரு நீள ஓரத்தில், சம இடைவெளியில், கடலைப் பருப்பு அளவுக்கு மூன்று அரைவட்டக் கொத்துகள் வெட்டுங்கள். ஸ்பிரிட் பக்க அறைக்குப் போகும் வழி அது. பட்டையை வளைத்து, அடிப்பாகத்தின் உள்ளே தெரியும் வட்டப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் அளவுக்கு ஸ்டேப்ளர் அடித்து வளையமாக்குங்கள்.

கோத்தல்

அடிப்பாகத்தின் வாயை லேசாக விரிக்க வேண்டும். திறக்காத முழுக் கேனின் அடியை அதற்குள் வைத்து, திருகிக்கொண்டே மெல்ல அமுக்கி எடுங்கள். வளையச் சுவரைக் கொத்து கீழே இருக்கும்படி பள்ளத்தில் நிறுத்துங்கள். துளை மேலே பார்க்க, மேல்பாகத்தை அடிப்பாகத்துக்குள் இறக்குங்கள். ஓரம் மடங்கும் போலிருந்தால், விரல் அகலத் தகட்டுத் துண்டை, ஷூ மாட்ட உதவும் தகடுபோல் உள்ளே விட்டு வழுக்க வையுங்கள். மேல்பாகத்தின் பள்ளத்தில் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று நடுக்குழி வழியாகப் பாருங்கள். முழுக்க இறங்கவில்லை என்றால் வளையம் உயரம். வெளியே எடுத்து ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராகக் குறையுங்கள். பெரும்பாலும் 38 அளவில் சரியாகிவிடும். தொளதொளவென்று ஆடினால் வளையம் குட்டை, புதிதாக வெட்ட வேண்டியதுதான். இணைப்பைச் சுற்றி ஃபாயில் டேப் ஒரு சுற்று, நகத்தால் நீவி ஒட்டுங்கள்.

நடுக்குழியில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் ஒழுகுகிறது, டேப்பைச் சரிசெய்யுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

எந்த எரிபொருள்

முதலில் எது கூடாது என்பதைச் சொல்கிறேன். வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவற்றில் மெத்தனால் நல்ல எரிபொருள் என்று இருக்கும். நாம் அதைத் தொடவே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சாராயத்தில் இருந்தது மெத்தனால்தான். குடித்தால்தான் ஆபத்து என்றில்லை, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். பெட்ரோல், தின்னர் ஊற்றினால் அடுப்பு வெடிகுண்டாகிவிடும். மண்ணெண்ணெய் இதில் ஒழுங்காக எரியாது.

டினேச்சர்டு ஸ்பிரிட் எனப்படும் எத்தனால் மிக நன்றாக எரியும், கரி படியாது. ஆனால் தமிழ்நாட்டில் டினேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்சு பாலிஷ் மூன்றுக்கும் 1959-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. உரிமத்தோடு விற்கும் பொருள். பில் தராத கடையில் வாங்காதீர்கள், டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் படியுங்கள். எளிதாகக் கிடைப்பது எத்தனால் கலந்த திரவ சானிடைசர். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் சூத்திரப்படி செய்ததில் 80 சதவீதம் எத்தனால். கொஞ்சம் மந்தமாக எரியும், அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுப்பாகக் கடைசியில் தங்கும், கழுவிவிடலாம். ஜெல் வகை வேண்டாம், துளைக்குள் போகவே போகாது. மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் எரியும், சூடும் நன்றாக இருக்கும். ஆனால் மஞ்சள் தீ. பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். வேறொன்றும் அகப்படாத நாளுக்கு அது.

எவ்வளவு ஊற்றுவது? நம் ஊர்த் தண்ணீர் குழாயிலேயே 30 டிகிரி சூட்டில் வருகிறது. அரை லிட்டரை அங்கிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 146 கிலோஜூல் வேண்டும். 10 டிகிரிக் குளிர்ந்த தண்ணீர் என்றால் 188. ஆக நமக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். ஒரு மில்லி எத்தனாலில் சுமார் 21 கிலோஜூல் இருக்கிறது. அதில் பாதிதான் தண்ணீருக்குப் போய்ச் சேரும் என்று வைத்தால் 14 மில்லி. ஸ்பிரிட்டில் கொஞ்சம் தண்ணீர் உண்டு, கடற்கரையில் காற்றும் உண்டு, எனவே 20 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். சானிடைசர் என்றால் 25. அளக்க இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடி போதும்.

எடுத்துப்போகும் பாட்டில் முக்கியம். குடிதண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். மூடி இறுக்கமான சானிடைசர் பாட்டிலிலேயே, சிவப்பு டேப் சுற்றி, எழுதி வையுங்கள். வெயிலில் கிடந்த பாட்டிலைத் திறக்கும்போது ஆவி சீறும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

ரயிலில் ராமநாதபுரத்துக்கோ மண்டபத்துக்கோ வருகிறவர்கள் அடுப்பை மட்டும் கொண்டுவாருங்கள், எரிபொருளை இறங்கிய ஊரில் வாங்குங்கள். தீப்பற்றும் பொருளை ரயிலில் எடுத்துச் செல்வது குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாக ஏற்றிய சமையல் எரிவாயு சிலிண்டரால் 9 பேர் இறந்தார்கள்.

மறைப்பு

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றில் ஊசித்துளைத் தீ எம்மாத்திரம்? கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் எனும் மன்னார் வளைகுடாப் பக்கம் எரிக்க வேண்டுமென்றால் டின் மறைப்பு இல்லாமல் முயலவே வேண்டாம்.

டின்னின் மூடியையும் அடியையும் எடுத்துவிட்டு, 70 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். அடுப்பு 40 மில்லிமீட்டர் உயரம் என்றால், பாத்திரத்துக்கும் தீத்துளைக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் கிடைக்கும். தீயின் நுனி பாத்திரத்தைத் தடவும் இடம் அது. அதைவிடக் கிட்டே வைத்தால் தீ மூச்சுத் திணறும், எட்ட வைத்தால் சூடு வீணாகும். கீழ்ப்புறம், சுற்றளவில் பாதிக்கு மட்டும், சுண்டுவிரல் நுழையும் அளவில் எட்டுத் துளைகள். மறுபாதி மூடியே இருக்கட்டும். அந்தப் பக்கம்தான் காற்றுக்கு முகம் கொடுக்கப் போகிறது. மேல் ஓரத்தில் சுற்றிலும் அதே அளவில் பன்னிரண்டு துளைகள். எரிந்த புகை வெளியேற அது வேண்டும். டின்னுக்குள் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து ஆணியால் அடித்துத் துளையை ஆரம்பித்தால் தகடு நசுங்காது.

இந்த டின்தான் பாத்திரத்தைத் தாங்கும் அடுப்புக்காலும். பாத்திரம் டின்னைவிட அகலமாக இருக்க வேண்டும். என் விருப்பம் மூடி போட்ட சின்ன அலுமினியத் தூக்குச்சட்டி. கைப்பிடி இருக்கிறது, மூடி இருக்கிறது, நடக்கும்போது அடுப்பும் டின்னும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். உயரமான ஒல்லிச் சட்டியைவிடக் குட்டையாக அகன்றது சீக்கிரம் கொதிக்கும்.

கரையில் எரிக்கும் முறை

காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். கொஞ்சம் உலர்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து தூவினால் தெரிந்துவிடும். வள்ளத்தின் மறைவு, பனைமரத் தூர், மணல்மேட்டின் பின்பக்கம், எது கிடைத்தாலும் சரி. ஆனால் காய்ந்த ஓலையும் உடைமரச் சருகும் கிடக்கும் இடம் வேண்டாம். அலை நனைத்து இறுகிய மணல் எனக்குப் பிடித்த இடம். சமமாக இருக்கும், தீயும் பரவாது. பொடிமணலில் அடுப்பு சாயும், அதனால் அடியில் ஒரு ஓட்டுத் துண்டு வையுங்கள்.

டின்னின் மூடிய பாதியைக் காற்றுக்குக் காட்டி வையுங்கள். ஸ்பிரிட் ஊற்றி, பாட்டிலை மூடி, நாலடி தள்ளி வைத்துவிட்டு, உடனே பற்ற வையுங்கள். நம் வெயிலில் ஊற்றிய ஸ்பிரிட் காத்திருக்காது, ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். துளைகளில் நீல இதழ்கள் முளைத்த பிறகு தூக்கை ஏற்றுங்கள்.

பகலில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வெள்ளை மணலில், உச்சி வெயிலில், ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நம்பி மேலும் ஊற்றினால் தீ பாட்டிலுக்கே ஏறும். எரியும் அடுப்பிலும் சூடான அடுப்பிலும் ஒருநாளும் ஊற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் நீளமான பனையோலைக் கீற்றின் நுனியைத் துளைக்கு மேலே நீட்டிப் பாருங்கள். கருகினால் இன்னும் எரிகிறது. பாதியில் அணைக்க, அடுப்பு அடங்கும் ஒரு டப்பாவைக் கவிழ்த்தால் போதும். சிந்திப் பற்றிக்கொண்டால் ஈர மணலை அள்ளிக் கொட்டுங்கள். கூடாரத்துக்குள்ளும் மூடிய அறையிலும் எரிக்க வேண்டாம், கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்.

எங்கே எரிக்கலாம் என்பதும் ஒரு கேள்வி. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைக்கவே கூடாது. தனுஷ்கோடியில் இருட்டும் முன் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், அங்கே இரவு தங்கிச் சமைக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். மற்ற கரைகளில் வலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுப்பை வையுங்கள். நைலான் வலை பக்கத்தில் கிடந்தால் எவ்வளவு நல்ல மறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள், அது அவர்கள் பிழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பை நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். உப்புக்காற்று பட்ட அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்து, மெல்ல அரித்துவிடும். இதழ்கள் ஒன்றிரண்டு முளைக்காமல் நின்றால் துளையில் உப்போ கிளிசரினோ அடைத்திருக்கிறது, அதே குண்டூசியால் ஒரு குத்துக் குத்துங்கள். அடுத்த நடைக்கு ஓர் உபரி அடுப்பும் செய்து தூக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மிதிபட்டு நசுங்கினால் கரையில் பிளேடும் புத்தகமும் தேடிக்கொண்டிருக்க முடியாது.